இயற்பியல் மாறிலிகள் பிரபஞ்சம் முழுக்க ஒன்றுதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானியல் பற்றி எங்கே பேசினாலும் கடைசியில் ஒருவர் எழுந்து, "இங்கே இருக்கும் இயற்பியல்தான் அங்கேயும் இருக்கிறது என்று எப்படி நம்புகிறீர்கள்?" என்று கேட்டுவிடுவார். நியாயமான கேள்வி. அதன் பின்னாலேயே வரும் துணைக் கேள்விகளும் ஊருக்கு ஊர் பெரிதாக வேறுபடுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. கீழே உள்ள பதில்கள் மேலே சொன்னவற்றை மறுபடி விளக்காது.

பாடப் புத்தகத்தில் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கும் எண்களைப் போய் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் சந்தேகம் தானாக வரும். எலக்ட்ரானின் மின்னூட்டம் இவ்வளவு, நிறை இவ்வளவு என்று எந்தக் கோட்பாடும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் அளந்து, கிடைத்த எண்ணைக் கோட்பாட்டுக்குள் கையால் எழுதி வைத்திருக்கிறோம். ஏன் அந்த மதிப்பு என்றே தெரியாதபோது, எங்கும் எப்போதும் அதே மதிப்புதான் என்பதும் அனுமானமே. அளந்ததெல்லாம் பூமியில், கடந்த சில தலைமுறைகளுக்குள். பிரபஞ்சத்தின் வயதோ சுமார் 1380 கோடி ஆண்டு.

இந்தச் சந்தேகத்தை முறையாகக் கிளப்பியவர் இயற்பியலாளர் பால் டிராக். ஓர் எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடையே உள்ள மின்விசை, அவற்றின் ஈர்ப்பு விசையைவிடச் சுமார் 10-இன் 39 அடுக்கு மடங்கு பெரிது. பிரபஞ்சத்தின் வயதை அணு அளவிலான கால அலகில் சொன்னாலும் ஏறக்குறைய அதே மாதிரி ஒரு பூதாகர எண் வருகிறது. இது தற்செயலாக இருக்காது, வயது ஏற ஏற ஈர்ப்பு பலவீனமாகிறது என்று 1937-இல் அவர் எழுதினார். அவர் சொன்ன வடிவில் அது நிற்கவில்லை. கேள்வி நின்றுவிட்டது.

ஒளியின் வேகம் முன்காலத்தில் அதிகமாக இருந்ததாமே? அதை அளந்துவிட்டார்களா?

அளக்கவில்லை, அளக்கவும் முடியாது. 1983 முதல் மீட்டர் என்பதே ஒளியைக் கொண்டுதான் வரையறுக்கப்படுகிறது. ஒரு விநாடியின் 29,97,92,458-இல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி போகும் தூரம் ஒரு மீட்டர். ஆகவே மீட்டர்-விநாடிக் கணக்கில் ஒளி வேகம் மாறவே வழியில்லை. துணிக்கடையில் துணி சுருங்கும்போது அளவுகோலும் அதே விகிதத்தில் சுருங்கினால், எத்தனை மீட்டர் என்று கேட்டால் பழைய பதில்தான் வரும்.

அதனால் இந்தத் துறையில் இருப்பவர்கள் அலகே இல்லாத எண்களைத்தான் துரத்துகிறார்கள். கிலோகிராம், விநாடி எல்லாம் ஒன்றுக்கொன்று அடிபட்டுப் போய், வெறும் எண்ணாக மிஞ்சும் விகிதங்கள். வேற்றுக் கோள்வாசி ஒருவரிடம் கேட்டாலும் அவர் அதே எண்ணைத்தான் சொல்ல வேண்டும். "ஒளி வேகம் குறைகிறது" என்று தலைப்புப் போட்டு வரும் செய்திகளில் பெரும்பாலானவை உண்மையில் அப்படி ஒரு விகிதத்தைப் பற்றியவை. தலைப்பு போட்டவருக்கு ஒளி வேகம்தான் பரிச்சயம், அவ்வளவுதான்.

அப்படியானால் எந்த எண்ணைச் சோதிக்கிறார்கள்?

முக்கியமாக இரண்டு. ஒன்று நுண்கட்டமைப்பு மாறிலி, சுருக்கமாக ஆல்ஃபா. மின்காந்த விசை எவ்வளவு வலியது என்பதை அலகில்லாமல் சொல்லும் எண். மதிப்பு ஏறக்குறைய 1/137. இன்னும் துல்லியமாக, 1-ஐ 137.035999-ஆல் வகுத்தால் வருவது. அர்னால்ட் சோமர்ஃபெல்ட் 1916-இல் இதை அறிமுகப்படுத்தினார். இரண்டாவது, புரோட்டானின் நிறை எலக்ட்ரானின் நிறையைப்போல் எத்தனை மடங்கு என்பது. அது 1836.15. ஈர்ப்பு மாறிலி தனிக் கதை, கீழே வரும்.

137-இல் ஏதோ மர்மம் இருக்கிறதாமே சார்?

இயற்பியலாளர் வுல்ஃப்காங் பவுலி 1958-இல் சூரிச் மருத்துவமனையில் இறந்தபோது அவர் இருந்த அறையின் எண் 137 என்ற கதையைத்தானே கேட்கிறீர்கள்? அறை எண் உண்மைதான். அதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. சரியான மதிப்பு முழு எண்ணும் இல்லை.

பயனுள்ள விளக்கம் வேறு. ஹைட்ரஜன் அணுவில் அடிமட்ட நிலையில் இருக்கும் எலக்ட்ரானின் வேகம், ஒளி வேகத்தை ஆல்ஃபாவால் பெருக்கினால் வரும் அளவு. விநாடிக்குச் சுமார் 2,200 கிலோமீட்டர். கனமான அணுக்களில் கருவுக்கு அருகே வரும் எலக்ட்ரான்கள் இன்னும் வேகமாகப் போகின்றன, சார்பியல் விளைவுகள் அங்கே பெரிதாகத் தெரிகின்றன. ஆல்ஃபா கொஞ்சம் மாறினாலும் கனமான அணு அதை உணரும், லேசான அணு அவ்வளவாக உணராது. இந்த வேறுபாடுதான் கீழே சொல்லப்போகும் சோதனைக்கு அடிப்படை.

அவ்வளவு தூரத்தில் இருக்கும் அணுவை இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படி அளப்பது?

குவேசார் என்பது தொலைதூர விண்மீன்மண்டலத்தின் மையக் கருந்துளையைச் சுற்றி எரியும் வாயு வட்டு. பிரபஞ்சத்தின் மறுகோடியிலிருந்தும் தெரியும் அளவுக்குப் பிரகாசமானது. அந்த ஒளி நம்மை நோக்கி வரும் வழியில், இடையில் இருக்கும் ஏதோ ஒரு விண்மீன்மண்டலத்தின் வாயு மேகத்தைக் கடந்து வருகிறது. மேகத்தில் உள்ள மக்னீசியம், இரும்பு, துத்தநாகம் போன்ற அணுக்கள் தத்தம் அலைநீளத்தில் ஒளியை விழுங்குகின்றன. நிறமாலையில் அவை கறுப்புக் கோடுகளாக விழும். கோடு விழும் இடத்தை நிர்ணயிப்பது அந்த மேகம் இருந்த காலத்து ஆல்ஃபா. ஒளி புறப்பட்டு 1000 கோடி ஆண்டு ஆகியிருந்தால், அது 1000 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆல்ஃபா.

செம்பெயர்ச்சியால் எல்லாக் கோடும்தான் நகர்ந்திருக்குமே? எது ஆல்ஃபாவால் நகர்ந்தது என்று எப்படிப் பிரிப்பது?

நல்ல கேள்வி. பிரபஞ்சம் விரிவதால் வரும் வழியில் ஒளியின் அலைநீளம் நீள்வதுதான் செம்பெயர்ச்சி. அது எல்லா அலைநீளங்களையும் ஒரே எண்ணால் பெருக்கும். கோடுகளுக்கு இடையே உள்ள விகிதத்தை அது தொடாது. ஆல்ஃபா மாறினால் விகிதம் குலையும். 1967-இல் பாகால், சார்ஜென்ட், ஷ்மித் மூவரும் 3சி 191 என்ற குவேசாரில் இப்படிப் பார்த்து, ஆல்ஃபா அன்றும் இன்றும் சில சதவீதத்துக்குள் ஒன்றுதான் என்றார்கள். அன்றைக்கு அதுவே பெரிய விஷயம்.

1999-இல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் வெப், விக்டர் ஃபிளாம்பாம், விளாடிமிர் சுபா ஆகியோர் துல்லியத்தைப் பல மடங்கு கூட்டினார்கள். ஒரே தனிமத்தின் இரட்டைக் கோடுகளை மட்டும் பார்க்காமல், பல தனிமங்களின் கோடுகளை ஒன்றாக ஒப்பிட்டார்கள். மக்னீசியம் லேசானது, அதன் கோடு கிட்டத்தட்ட நங்கூரம் மாதிரி நிற்கும். இரும்பின் கோடுகள் நகரும். ஆல்ஃபா கூடினால் 238.3 நானோமீட்டர் இரும்புக் கோடு நீலப் பக்கம் போகும், 160.8 நானோமீட்டரில் உள்ள இன்னொரு இரும்புக் கோடு எதிர்ப்பக்கம் போகும். எதெது எவ்வளவு, எந்தப் பக்கம் என்பது கோடுக்குக் கோடு வேறு. வேறு எந்தக் கோளாறும் அதே தினுசில் கோடுகளைக் குலைப்பது கடினம் என்பதுதான் இந்த முறையின் பலம்.

அளவு எவ்வளவு சிறியது என்பதையும் பார்த்துவிடுங்கள். செம்பெயர்ச்சி 1.15-இல் உள்ள, அதாவது அலைநீளங்கள் 2.15 மடங்காக நீண்டு வந்து சேரும் ஒரு மேகத்தை எடுத்துக்கொண்டால், அந்த 238.3 இரும்புக் கோடு 512 நானோமீட்டரில், பச்சையில் விழும். மக்னீசியத்தின் 279.6 கோடு 601-இல், ஆரஞ்சுப் பக்கம் விழும். ஆல்ஃபாவில் லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம் இருந்தால் இரும்புக் கோடு நகர்வது சுமார் 0.0003 நானோமீட்டர். வேகக் கணக்கில் விநாடிக்கு 200 மீட்டர். கேமராவில் ஒரு படப்புள்ளியின் பத்தில் ஒரு பங்கு. இந்த 200 மீட்டரை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்த ஆஸ்திரேலியக் குழு, ஆல்ஃபா மாறுகிறது என்று கண்டுபிடித்துவிட்டதே?

கண்டுபிடித்ததாகச் சொன்னது. ஹவாயில் உள்ள கெக் தொலைநோக்கியின் தரவை வைத்து 1999-இல் 30 மேகங்களோடு தொடங்கி, 2004 வாக்கில் 143 மேகங்கள் வரை போனார்கள். ஆல்ஃபா முற்காலத்தில் இன்றைவிட லட்சத்தில் 0.57 பங்கு குறைவு, பிழை வரம்பு 0.11 என்றது முடிவு. மைக்கேல் மர்ஃபி அப்போது அந்தக் குழுவில் இளம் ஆய்வாளர். அவர் பெயர் மறுபடி வரும்.

இவர்களை அரைகுறை என்று ஒதுக்க முடியாது. ஐசோடோப்பு விகிதம் வேறாக இருந்தால், வளிமண்டலம் ஒளியை வளைத்தால், அருகருகே உள்ள கோடுகள் கலந்துவிட்டால் என்று தங்கள் முடிவுக்கு எதிராகத் தாங்களே பட்டியல் போட்டுச் சோதித்தார்கள். எதுவும் அதை விளக்கவில்லை.

அப்புறம் வேறொரு குழு மறுத்ததாமே? அதில் நம் நாட்டவர் இருந்தார்களா?

இருந்தார்கள். புனேயில் உள்ள அயூகா வானியல் மையத்தின் ஆர். ஸ்ரீஆனந்தும் ஹம் சந்தும் பிரான்சின் பாட்ரிக் பெட்டிஜானுடனும் பாஸ்டியன் அராசிலுடனும் சேர்ந்து, சிலியில் உள்ள விஎல்டி தொலைநோக்கியில் 23 மேகங்களைப் பார்த்து 2004-இல் முடிவை வெளியிட்டார்கள். மாற்றம் லட்சத்தில் 0.06 பங்கு, பிழை வரம்பும் 0.06. அதாவது எதுவும் இல்லை.

அதோடு முடியவில்லை. அவர்கள் கோடுகளைப் பொருத்திய முறையில் குறை இருக்கிறது, பிழை வரம்பை மிகக் குறைவாகக் காட்டிவிட்டார்கள் என்று மர்ஃபி தரப்பு அதே தரவை மறுபடி ஆராய்ந்து எழுதியது. மறு ஆய்வில் பிழை வரம்பு சுமார் ஆறு மடங்கு வீங்கியது. ஸ்ரீஆனந்த் தரப்பும் பதில் எழுதியது. என் கருத்து: பிழை வரம்பு விஷயத்தில் மர்ஃபி சொன்னது சரி. மாற்றம் இல்லை என்ற விஷயத்தில் புனேக்காரர்கள் பக்கம்தான் பிற்காலத் தரவு சாய்ந்தது.

வானத்தின் ஒரு பக்கம் ஆல்ஃபா அதிகம், மறுபக்கம் குறைவு என்று படித்தேன். அது என்ன?

வெப் குழு 150-க்கும் மேற்பட்ட மேகங்களை விஎல்டி தரவிலும் ஆராய்ந்தது. கெக்கில் முற்காலத்து ஆல்ஃபா குறைவாகத் தெரிந்தது என்றேனே, விஎல்டியில் அதிகமாகத் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது, வானத்தின் ஒரு திசையில் போகப் போக ஆல்ஃபா கூடுகிறது, எதிர்த்திசையில் குறைகிறது என்ற அமைப்பு வந்தது. 2011-இல் வெளியான அந்தக் கட்டுரை, இது தற்செயல் இல்லை என்பதற்கு 4 சிக்மாவுக்குக் கொஞ்சம் மேலான வலு இருப்பதாகச் சொன்னது. காலத்தோடு மாறுவதைவிட இடத்துக்கு இடம் மாறுவது இன்னும் அதிர்ச்சியான செய்தி, பத்திரிகைகள் விடுமா.

சிக்கல் உடனே கண்ணில் பட்டது. கெக் வடக்கு அரைக்கோளத்தில், விஎல்டி தெற்கில். ஒன்று பெரும்பாலும் வானத்தின் ஒரு பாதியையும் மற்றது மறு பாதியையும் பார்க்கிறது. இரண்டு கருவிகளுக்கும் எதிரெதிர்க் கோளாறு இருந்தாலும் இதே இருமுனை அமைப்புதான் வரும்.

4 சிக்மா என்றால் பல்லாயிரத்தில் ஒரு வாய்ப்பு அல்லவா? அது எப்படித் தப்பாகும்?

சிக்மா தற்செயலை மட்டும்தான் எடைபோடும். ஒரே பக்கம் இழுக்கும் கருவிக் கோளாறு இருந்தால், மேகங்களைக் கூட்டக் கூட்ட சிக்மாவும் கூடிக்கொண்டே போகும், தவறும் கூடவே உறுதிப்படும்.

கருவியில்தான் கோளாறு என்று எப்படித் தெரிந்தது?

தெரிந்த விடையுள்ள கேள்வியைக் கருவியிடம் கேட்டார்கள். சிறுகோள்கள் சூரிய ஒளியைத்தான் பிரதிபலிக்கின்றன. சூரியனின் நிறமாலையில் எந்தக் கோடு எங்கே என்பது மிகத் துல்லியமாகத் தெரியும். சூரியனை அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் விண்மீன்களும் அப்படியே. ஜொனாதன் விட்மோரும் மர்ஃபியும், 20 ஆண்டு காலம் விஎல்டியும் கெக்கும் எடுத்து வைத்திருந்த சிறுகோள் நிறமாலைகளையும் சூரிய ஜாடை விண்மீன்களின் நிறமாலைகளையும் கிண்டி எடுத்து, இருக்க வேண்டிய இடத்தோடு ஒப்பிட்டார்கள். 2015-இல் வெளியிட்ட முடிவு: அலைநீள அளவுகோலே நீண்ட தூரத்தில் இழுபட்டிருக்கிறது. 100 நானோமீட்டருக்கு விநாடிக்குச் சுமார் 200 மீட்டர் வரை.

மேலே சொன்ன மேகத்துக்குத் திரும்புங்கள். இரும்புக் கோடு 512-இல், மக்னீசியம் 601-இல், இடைவெளி 89 நானோமீட்டர். இந்த இழுவை ஒன்றே அந்த இரண்டுக்கும் இடையில் 180 மீட்டரைப் பொய்யாகக் கொடுத்துவிடும். லட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்துக்கு 200 மீட்டர் தேவை என்றோம். விஎல்டி முடிவை இந்த இழுவை போதுமான அளவு விளக்கிவிட்டது, கெக் முடிவை ஓரளவு விளக்கியது. தன் பெயரை உருவாக்கிய முடிவின் அடித்தளத்தையே தோண்டிப் பார்த்தவர்களில் மர்ஃபியும் ஒருவர் என்பதைக் கவனியுங்கள். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

தினமும் விளக்கு வைத்து அளவுத்திருத்தம் செய்வார்களே, அதில் ஏன் பிடிபடவில்லை?

தோரியம்-ஆர்கான் விளக்குதான் வழக்கமான அளவுகோல். அதன் கோடுகள் எங்கே விழ வேண்டும் என்று தெரியும். ஆனால் விளக்கின் ஒளி, நிறமாலைமானிக்குள் ஒளி நுழையும் குறுகிய பிளவை முழுதாக நிரப்பிக்கொண்டு உள்ளே போகிறது. குவேசாரின் ஒளி ஒரு சின்னப் பொட்டாக, பிளவின் நடுவிலோ ஓரத்திலோ விழுகிறது. உள்ளே இரண்டும் போகும் பாதை துளி வேறு. விளக்குக்குச் சரியாக இருக்கும் அளவுகோல் விண்மீனுக்குச் சரியாக இருக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. வேற்றுக் கோள்களைத் தேடுபவர்கள் ஒரு விண்மீனைத் தன்னோடு தானே ஒப்பிடுவதால் இதில் பலது அடிபட்டுப்போகும். இங்கே நிறமாலையின் ஒரு மூலையை மறு மூலையோடு ஒப்பிட வேண்டியிருப்பதால்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இப்போதைய நிலவரம் என்ன? மாறுகிறதா, இல்லையா?

மாறுவதற்குச் சான்று இல்லை. 2018 முதல் விஎல்டியில் எஸ்பிரெஸ்ஸோ என்ற நிறமாலைமானி வேலை செய்கிறது. ஒளியிழை வழியாக ஒளி வருவதால் பிளவுப் பிரச்சினை பெரிதும் இல்லை. கருவி வெற்றிடத்துக்குள், வெப்பநிலை மாறாமல் இருக்கிறது. விளக்குக்கு மேல் லேசர் அலைவெண் சீப்பும் உண்டு: சம இடைவெளியில் ஆயிரக்கணக்கான கோடுகள், ஒவ்வொன்றின் அலைவெண்ணும் அணுக்கடிகாரத்தோடு கட்டப்பட்டது. அதில் எச்இ 0515-4414 என்ற பிரகாசமான குவேசாரின் முன்னால் இருக்கும், செம்பெயர்ச்சி 1.15 கொண்ட மேகத்தை அளந்தார்கள். 2022-இல் வந்த விடை: மாற்றம் பத்து லட்சத்தில் 1.3 பங்கு, பிழை வரம்பும் 1.3, கருவி சார்ந்த பிழை 0.4. ஆக, எதுவும் தெரியவில்லை.

அதே ஆண்டில் சூரிய ஜாடை விண்மீன்களை வைத்து, நம் சுற்றுவட்டாரத்தில் ஆல்ஃபா 100 கோடியில் 50 பங்குக்குள் மாறவில்லை என்று காட்டினார்கள். மறு கோடியில், 2020-இல் செம்பெயர்ச்சி 7 வரை, அதாவது ஏறக்குறைய 1300 கோடி ஆண்டு பின்னால் போய்ப் பார்த்ததிலும் மாற்றம் இல்லை, துல்லியம் மட்டும் குறைவு. பெருவெடிப்பின் மிச்ச ஒளியான அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு இன்னும் பின்னால் போகிறது. அங்கே கிடைக்கும் வரம்பு ஆயிரத்தில் சில பங்கு என்ற அளவில்தான்.

பூமியிலேயே பழைய சான்று எதுவும் கிடையாதா?

இருக்கிறது, அதுவும் அழகான சான்று. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற யுரேனியச் சுரங்கம். 1972-இல் அங்கிருந்து வந்த தாதுவில் யுரேனியம்-235 வழக்கமான 0.720 சதவீதத்துக்குப் பதில் 0.717 இருப்பதை பிரெஞ்சுக்காரர்கள் கவனித்தார்கள். அணு எரிபொருள் கணக்கில் கொஞ்சம் குறைந்தாலும் கதிகலங்குவார்கள் அல்லவா, தேடிப் போனார்கள். சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலத்தடி நீர் உதவியோடு தானாக அணு உலை எரிந்திருக்கிறது.

நம் விஷயத்துக்கு வேண்டியது அதன் சாம்பலில் உள்ள சமேரியம்-149. மெதுவான நியூட்ரானை இது விழுங்குவதற்கு 0.0973 எலக்ட்ரான்வோல்ட்டில் ஓர் ஒத்ததிர்வு இருக்கிறது, அதாவது சரியாக அந்த ஆற்றலில் வரும் நியூட்ரானை மிக எளிதாக விழுங்கும். கருவுக்குள் செயல்படும் ஆற்றல்கள் இதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு பெரியவை. அவை ஒன்றையொன்று ஏறக்குறைய முழுதாக அடித்துக்கொண்டு மிச்சம் நிற்பதுதான் இந்தச் சின்ன எண். ஆல்ஃபா கொஞ்சம் அசைந்தாலும் ஒத்ததிர்வு இடம் மாறிவிடும், சமேரியம் எரிந்த அளவும் மாறியிருக்கும். அலெக்சாண்டர் ஷ்லியாக்டர் 1976-இல் இதைக் கண்டார். 1996-இல் தமூரும் ஃப்ரீமன் டைசனும் செய்த கணக்கில், ஆல்ஃபா அன்றைக்கும் கோடியில் சுமார் ஒரு பங்குக்குள் இன்றைய மதிப்பே. உலையின் வெப்பநிலை என்ன, மற்ற மாறிலிகளும் கூடவே மாறினவா என்பதைப் பொறுத்து இந்த வரம்பு கொஞ்சம் இளகும்.

அப்படிப் பார்த்தால், மாறிலி மாறினால் பாறைகளின் வயது, பூமியின் வயது எல்லாம் தப்பாகிவிடாதா?

மாறியிருந்தால் தப்பாகும். எவ்வளவு மாறியிருக்கலாம் என்பதுதான் கேள்வி. ஓக்லோ கோடியில் ஒரு பங்கு என்கிறது. அந்த அளவு மாற்றம் பூமியின் 450 கோடி ஆண்டு வயதைத் தொடாது. தவிர, வெவ்வேறு தனிமங்கள் வெவ்வேறு வகையில் சிதைகின்றன, ஆல்ஃபா மாறினால் எல்லாம் ஒரே விகிதத்தில் மாறாது. ரீனியம்-187 மிக உணர்வானது. அதன் சிதைவில் வெளிவரும் ஆற்றலே அவ்வளவு குறைவு. விண்கற்களில் யுரேனியக் கணக்கும் ரீனியக் கணக்கும் ஒத்துப்போவதே ஒரு சோதனை. பூமிக்குச் சில ஆயிரம் ஆண்டுதான் வயது என்று நிறுவ மாறிலிகளை இழுப்பவர்களுக்கு இதில் எந்த உதவியும் இல்லை.

ஆய்வகத்தில் சில ஆண்டு அளந்துவிட்டு 1000 கோடி ஆண்டுக் கதை சொல்ல முடியுமா?

நேரடியாக முடியாது. இன்றைக்கு என்ன வேகத்தில் மாறுகிறது என்று சொல்லலாம். ஆல்ஃபாவுக்கு வெவ்வேறு அளவில் அசையும் இரண்டு அணுக்கடிகாரங்களை அருகருகே ஓடவிட்டு, விகிதம் நகர்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. 2008-இல் அமெரிக்காவின் போல்டரில் அலுமினியம், பாதரச அயனிக் கடிகாரங்களை ஒப்பிட்டார்கள். ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக்கில் இட்டெர்பியம் அயனி ஒன்றிலேயே இரண்டு தாவல்களை ஒப்பிட்டு, 2023-இல் வந்த முடிவின் பிழை வரம்பு ஆண்டுக்கு 2.5 பெருக்கல் 10-இன் மைனஸ் 19 அடுக்கு. தசமப் புள்ளிக்குப் பின் 18 சுழியம்.

வெப் குழு சொன்ன மாற்றத்தை 1000 கோடி ஆண்டுக்குச் சமமாகப் பங்கு போட்டால், ஆண்டுக்கு 10-இன் மைனஸ் 16 என்ற அளவில் வரும். கடிகாரங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டன. ஆனால் மாற்றம் சமமாக நடந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை, முற்காலத்தில் நடந்து பிறகு நின்றிருக்கலாம். இடத்துக்கு இடம் மாறுவதைக் கடிகாரம் பிடிக்கவும் பிடிக்காது. குவேசார் வேலை தேவைப்படுவது அதனால்தான்.

1836 என்ற எண்ணை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மூலக்கூறுகளை வைத்து. மூலக்கூறு அதிர்வதும் சுழல்வதும் கருக்களின் நிறையைப் பொறுத்தது. ஹைட்ரஜன் மூலக்கூறுக் கோடுகளில் மாற்றம் தெரிகிறது என்று 2006-இல் ஓர் அறிவிப்பு வந்தது. பிந்தைய அளவீடுகளில் அது நிற்கவில்லை. இப்போது சிறந்த சாட்சி மெத்தனால். அதன் உள்ளே ஒரு பகுதி மறு பகுதியைச் சார்ந்து சுழல்வதால் சில கோடுகள் அபார உணர்வு கொண்டவை. பிகேஎஸ் 1830-211 என்ற குவேசாரின் முன்னால் இருக்கும் விண்மீன்மண்டலத்தில் ஜெர்மனியின் எஃபெல்ஸ்பெர்க் ரேடியோ தொலைநோக்கி மெத்தனாலைப் பார்த்தது. 700 கோடி ஆண்டில் மாற்றம் கோடியில் ஒரு பங்குக்குள் என்பது 2013-இல் வந்த முடிவு. ஒரே மூலக்கூறின் கோடுகளை மட்டும் ஒப்பிடுவதால், இந்த மேகம் வேறு அந்த மேகம் வேறு என்ற தகராறும் குறைவு.

டிராக் சொன்ன ஈர்ப்பு மாறிலி என்ன ஆயிற்று?

ஈர்ப்பு முன்பு வலுவாக இருந்திருந்தால் சூரியன் இன்னும் பிரகாசமாக எரிந்திருக்கும், பூமியும் அதற்கு அருகே இருந்திருக்கும், 20-30 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கடல் கொதித்திருக்கும் என்று எட்வர்ட் டெல்லர் 1948-இல் காட்டினார். கடலில் அப்போது உயிர்கள் இருந்தன. இன்று சந்திரனில் 1969 முதல் வைத்துள்ள பிரதிபலிப்பான்களுக்கு லேசர் அனுப்பி, சுற்றுப்பாதையைச் சென்டிமீட்டருக்கும் குறைவான துல்லியத்தில் அளக்கிறார்கள். மாற்றம் இருந்தால் ஆண்டுக்குப் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்குக்கு உட்பட்டதே. வேடிக்கை என்னவென்றால், ஈர்ப்பு மாறிலியின் மதிப்பே நமக்கு நான்கைந்து இலக்கத்துக்கு மேல் தெரியாது. மதிப்பைவிட, அது மாறவில்லை என்பது அதிகத் துல்லியமாகத் தெரியும்.

சேர்ன் ஆய்வகத்தில் ஆல்ஃபா 1/128 என்று அளந்தார்களே? அது மாற்றம் இல்லையா?

அது வேறு. மிக அதிக ஆற்றலில் மோதவிட்டால், மின்னூட்டத்தைச் சுற்றியிருக்கும் வெற்றிடத் திரை விலகி விசை வலுவாகத் தெரியும். குவாண்டம் கோட்பாடு முன்கூட்டியே சொல்லும் விளைவு இது. எங்கே எப்போது செய்தாலும் அதே ஆற்றலில் அதே 1/128 வர வேண்டும். இந்தப் பக்கத்தில் பேசுவது, ஆற்றல் குறைந்த நிலையில் உள்ள 1/137 இடத்தையும் காலத்தையும் பொறுத்து மாறுகிறதா என்பது.

மாறிலி கொஞ்சம் மாறினாலும் உயிரே இருக்காது என்கிறார்களே? அப்படியென்றால் சோதனையே தேவையில்லையே?

"கொஞ்சம்" எவ்வளவு என்று கேளுங்கள். விண்மீனுக்குள் கார்பன் உருவாக அதன் கருவில் 7.65 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு நிலை தேவை. ஃப்ரெட் ஹாய்ல் அதை முன்கூட்டிச் சொல்லி, பிறகு ஆய்வகத்தில் கண்டார்கள். ஆல்ஃபா சில சதவீதம் மாறினால் அந்த ஏற்பாடு குலையும் என்கின்றன கணக்குகள். இங்கே தேடுவது லட்சத்தில், கோடியில் ஒரு பங்கு. அந்த அளவு மாற்றம் உயிருக்கு உறைக்கவே உறைக்காது.

நாளைக்கே மாறுகிறது என்று நிரூபணமானால் என்ன ஆகும்?

உடனடி அடி, எல்லாப் பொருளும் ஈர்ப்பில் ஒரே மாதிரிதான் விழும் என்ற ஐன்ஸ்டைனின் சமானக் கொள்கைக்கு. ஆல்ஃபா இடத்துக்கு இடம் மாற வேண்டுமானால், அதை மாற்றும் ஏதோ ஒரு புலம் வெளியெங்கும் பரவியிருக்க வேண்டும். அணுக்கருவின் நிறையில் ஒரு பங்கு மின்காந்த ஆற்றலிலிருந்து வருகிறது, அந்தப் பங்கு தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஆகவே அந்தப் புலம் பிளாட்டினத்தையும் டைட்டானியத்தையும் துளி வேறாக இழுக்கும், இரண்டும் ஒரே வேகத்தில் விழாது. 2016-இல் ஏவப்பட்ட மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோள் இந்த இரண்டு உலோகங்களையே விழவிட்டுப் பார்த்தது. 10-இன் மைனஸ் 15 அடுக்கு என்ற அளவு வரை வித்தியாசம் இல்லை. குவேசார் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் தோன்றும், ஆனால் இரண்டும் ஒரே புலத்தைத் தேடுகின்றன. கரும்பொருள், கரும் ஆற்றல் பற்றிய பல கருத்துகளில் அப்படிப்பட்ட புலம் இயல்பாக வருவதால் இந்த "இல்லை"கள் அவற்றை ஒவ்வொன்றாக வடிகட்டுகின்றன.

அடுத்து எதை எதிர்பார்க்கலாம்?

இரண்டு. சிலியில் 39 மீட்டர் விட்டத்தில் எழுந்துவரும் இஎல்டி தொலைநோக்கிக்கு ஆண்டெஸ் என்ற நிறமாலைமானியைத் திட்டமிட்டிருக்கிறார்கள். இப்போது ஒரு சில பிரகாசமான குவேசார்களில் மட்டும் கிடைக்கும் துல்லியம் அதில் பல குவேசார்களுக்கும் கிடைக்க வேண்டும். அப்போதுதான் இருமுனை பற்றிய கேள்வியை ஒரே கருவியால் நிறைய திசைகளில் கேட்டு முடிக்க முடியும்.

இன்னொன்று தோரியம்-229. மற்ற கருக்களைத் தூண்ட காமாக் கதிர் வேண்டும். இதற்கு மட்டும் 8.4 எலக்ட்ரான்வோல்ட், அதாவது 148 நானோமீட்டர் புற ஊதா ஒளி போதும். ஓக்லோ சமேரியத்தில் பார்த்த அதே கதைதான் இங்கேயும்: பெரிய ஆற்றல்கள் அடிபட்டு மிஞ்சிய சின்ன எண். அதனால் ஆல்ஃபாவுக்கு இதன் உணர்வு இன்றைய கடிகாரங்களைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு இருக்கலாம் என்று கணக்கிடுகிறார்கள். 2024-இல் முதல்முறையாக லேசரால் இந்தக் கருவைத் தூண்டினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜிலா ஆய்வகம் அதன் அலைவெண்ணை ஸ்ட்ரான்ஷியம் கடிகாரத்தோடு கட்டி அளந்தது. கடிகாரம் என்று சொல்லும் நிலைக்கு அது இன்னும் வரவில்லை.